மாறாத பாட்டும் மாறிய வீடும்

பெரிய இசையைப் பற்றி எழுதுவோர் பலர். பாக்கின் திருப்பாடுகளின் இசை பற்றியும், தியாகையரின் கீர்த்தனைகள் பற்றியும் நூலகம் கொள்ளாத அளவுக்கு நூல்கள் உண்டு. ஆனால் சாதாரண மனிதர் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்பது அந்த இசையை அன்று. அடுப்படியில் கைவேலையாக இருக்கும்போது அடுத்த அறையிலிருந்து வந்து காதில் விழும் சின்னஞ்சிறு இசையையே அவர்கள் ஓயாமல் கேட்கின்றனர். கேட்கவேண்டும் என்று யாரும் அதைக் கேட்பதில்லை. ஆயினும் அது உள்ளே சென்று தங்கிவிடுகிறது. இத்தகைய சிற்றிசையை ஆராய்வது வீண்வேலை எனக் கருதுவோர் உளர். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே பாட்டு ஒரு நாட்டின் ஞாயிறு மாலையை முடித்துவைக்கிறது என்றால், அது அம்மக்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்று கேட்பது வீண்வேலை ஆகாது.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது ஜப்பானில் ஒளிபரப்பாகும் 'சசாயே-சான்' என்னும் கார்ட்டூன் தொடரின் இசை. 1969 அக்டோபர் 5 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர் ஞாயிறுதோறும் மாலை 6.30 மணிக்கு வருகிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஒளிபரப்பாகும் கார்ட்டூன் தொடர் என்று 2013-இல் கின்னஸ் நூல் இதை ஏற்றது. அரை மணி நேரத்தில் மூன்று சிறு கதைகள்; முன்னே ஒரு பாட்டு; பின்னே ஒரு பாட்டு. இவ்வளவே இதன் அமைப்பு. முதல் நாளில் ஒலித்த அந்த இரண்டு பாட்டுகளே ஞாயிறு ஒளிபரப்பில் நிலைத்துவிட்டன.

கடலிலிருந்து வந்த குடும்பம்

இத்தொடருக்கு மூலமான சித்திரக்கதையை வரைந்தவர் ஹசெகாவா மச்சிகோ என்னும் பெண்மணி. 1946-இல் ஃபுக்குவோக்கா நகரின் மாலை நாளிதழ் ஒன்றில் நான்கு கட்டங்கள் கொண்ட சித்திரமாக இது தொடங்கிற்று. போர் முடிந்து ஓராண்டும் நிறைவடையாத காலம் அது. மொமொச்சிக் கடற்கரையில் உலவியபோது கதைமாந்தர்க்குப் பெயர் சூட்டியதாக மச்சிகோ கூறியுள்ளார். ஆதலால் அக்குடும்பத்தில் எல்லாப் பெயரும் கடற்பெயரே. குடும்பப் பெயரான இசோனோ கடலோரத்தைக் குறிக்கும். தந்தை நமிஹெய் என்பதில் அலை உண்டு. தாய் ஃபுனே என்றால் படகு. மூத்த மகள் சசாயே ஒருவகைக் கடற்சங்கு. தம்பி கட்சுவோ சூரை மீன். தங்கை வக்காமே கடற்பாசி. சசாயேயின் கணவர் மசுவோ, குழந்தை தரா ஆகிய இருவர் பெயரும் மீன்களின் பெயர்களே. தாத்தா பாட்டி முதல் பேரன் வரை எழுவரும் ஒரு பூனையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். மருமகன் மனைவி வீட்டிலேயே தங்கியிருக்கிறார். அதனால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மச்சிகோவின் தாய் பக்தியுள்ள கிறிஸ்தவர். இதனைக் கொண்டு இத்தொடரை நாம் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. தந்தையை இளமையிலேயே இழந்த பெண்மக்களை அத்தாய் துணிவோடும் நகைப்போடும் வளர்த்தார் என்பதும், அந்த வீட்டின் நகைப்பே சசாயேயின் நகைப்பாகப் பின்னர் வெளிப்பட்டது என்பதும் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இரண்டு பாட்டுகள்

தொடக்கப் பாட்டையும் முடிவுப் பாட்டையும் எழுதியவர் ஹயாஷி ஹருவோ. இசையமைத்தவர் சுட்சுமி கியோஹெய். பாடியவர் உனோ யூகோ. இவர்களுள் சுட்சுமி கியோஹெய் யார் என்பதை அறிந்துகொண்டால் வியப்பு மிகும். 1940-இல் பிறந்து 2020 அக்டோபரில் மறைந்த இவர், ஜப்பானில் மிகுதியாக விற்பனையான இசைத்தட்டுகளுக்கு இசையமைத்தவர் எனப் பெயர் பெற்றவர். 1968 டிசம்பரில் வெளிவந்து அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் ஒலித்த 'புளூ லைட் யோக்கொஹாமா' இவருடையது. துறைமுக நகரின் இரவு விளக்குகளிடையே நடந்து செல்லும் காதலைப் பற்றிய பாட்டு அது. அந்தப் பாட்டைச் செய்த அதே கை, அதே 1969-ஆம் ஆண்டில், காலணியின்றிப் பூனையைத் துரத்தும் குடும்பப் பெண்ணுக்கும் பாட்டுச் செய்தது.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிதானே என்று அவர் குறைத்துச் செய்யவில்லை. பித்தளைக் குழல்களின் துள்ளலோடு தொடக்கப் பாட்டு எழுகிறது. கீழே தாழ்சுரக் கிட்டார் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அக்காலத்து அமெரிக்க இளையோர் இசையின் சாயல் அதில் தெளிவாக உண்டு. பாடும் குரலோ குழந்தைக் குரல் அன்று. குழந்தைக்காகக் குழைந்து கொஞ்சும் குரலும் அன்று. வளர்ந்த பெண்ணொருத்தி நேராக நின்று நேராகப் பாடுகிறாள். குடும்பத்தைப் பற்றிய பாட்டு என்றாலே தேன் தடவிய குரல் வேண்டும் என்று எண்ணுவோர் இக்குரலைக் கேட்டுப் பாடம் கற்கலாம்.

பாட்டின் பொருளும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தைப் போற்றும் பாட்டுகள் பொதுவாகத் தாயின் தியாகத்தையும் தந்தையின் உழைப்பையும் புகழும். இப்பாட்டில் புகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் கவனக்குறைவே பாட்டின் பொருள். கடைக்குப் போனவள் பணப்பையை வீட்டிலேயே விட்டுவருகிறாள். அதைக் கண்டு ஊரே சிரிக்கிறது. வானத்துக் கதிரவனும் உடன் சிரிக்கிறான். சிரிக்கப்படுபவள் சினங்கொள்ளவில்லை, நாணவும் இல்லை. குற்றம் காணாத சிரிப்பு ஒன்று உலகில் உண்டு, அது வீட்டில்தான் கிடைக்கும் என்பதே இப்பாட்டு சொல்லாமல் சொல்வது. இதைப் போதனையாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்திலேயே சலித்திருக்கும். துள்ளலாகச் சொன்னதால் அரை நூற்றாண்டு தாங்கிற்று.

முடிவுப் பாட்டு சற்று வேறு. அது மலைநடை செல்லும் குடும்பத்தின் பாட்டு; அகன்ற வானம், வெண்மேகம், கூடிச் செல்வோரின் குரல்கள் ஆகியவை அதில் வருகின்றன. திரையில் குடும்பத்தார் வரிசையாக ஓடி, ஒரு சிறு வீட்டிற்குள் ஒருவர்பின் ஒருவராகப் புகுகின்றனர். அத்தனை பேரும் அடங்காமல் வீடு குலுங்குகிறது. நெருக்கடி ஒரு குறையாக அன்று, களிப்பாகவே காட்டப்படுகிறது.

நிலைத்ததும் நிலையாததும்

இவ்விசையின் தனித்தன்மை விளங்க வேண்டுமாயின் அதன் அண்டை வீட்டையும் பார்க்கவேண்டும். 1990 ஜனவரியில் அதே ஃபுஜி தொலைக்காட்சியில், அதே ஞாயிறு மாலையில், அரை மணி முன்னதாக 'சிபி மாருகோ-சான்' என்னும் மற்றொரு குடும்பத் தொடர் தொடங்கிற்று. அதன் முடிவுப் பாட்டான 'ஓதொரு பொன்பொகோரின்' என்பதை எழுதியவர் மூலக்கதை ஆசிரியரான சகுரா மோமோகோ, இசையமைத்தவர் ஓதா தெட்சுரோ, பாடியது பி.பி. குயீன்ஸ் குழு. பொருளற்ற ஒலிகளைக் கோத்துச் செய்த ஆட்டப்பாட்டு அது. அவ்வாண்டே ஜப்பான் இசைத்தட்டு விருதைப் பெற்றது. 1995-இல் இத்தொடர் மீண்டும் தொடங்கிய பின்னர் வெவ்வேறு குழுவினர் அதைத் தத்தம் பாணியில் திரும்பப் பாடி வருகின்றனர். மோமோகோ 2018-இல் மறைந்த பின்னும் அப்பாட்டு புதுப்புதுக் குரல்களில் ஒலிக்கிறது. நம் குழந்தைகள் அறிந்த 'டோரேமொன்' தொடரிலும் இவ்வாறே. 1979-இன் பாட்டு போய் 2007-இல் வேறொன்று வந்தது. 2019-இல் மற்றொன்று வந்தது.

ஒரு பாட்டு நிலைப்பதற்கு இருவழிகள் உண்டு என்று இதனால் அறிகிறோம். ஒவ்வொரு தலைமுறையும் தன் உடையை அதற்கு அணிவிப்பது ஒரு வழி. ஒரு துளியும் மாறாமல் நிற்க, தலைமுறைகள் அதன் முன் வந்து நின்று போவது மற்றொரு வழி. முதல் வழியை எளிதில் குறைசொல்ல இயலாது. அதில் உயிர் உண்டு. ஆனால் இரண்டாம் வழியில்தான் காலம் கேட்கிறது. பாட்டு மாறவில்லை என்பதால் நாம் மாறியது நமக்குத் தெரிகிறது. எட்டு வயதில் கேட்டதை ஐம்பத்தெட்டில் கேட்பவர், பாட்டில் அன்று, தம்மில்தான் ஐம்பது ஆண்டுகளைக் கேட்கிறார்.

நெடுங்காலம் நிலைத்ததெல்லாம் தானே நிலைத்துவிடவில்லை என்பதற்கும் இத்தொடரிலேயே சான்று உண்டு. 1975 முதல் 1997 வரை செவ்வாய்க்கிழமைகளில் பழைய கதைகள் மறுஒளிபரப்பாயின. அவற்றிற்கென வேறு பாட்டுகள் செய்யப்பட்டன. குடும்பம் அதே குடும்பம். கதையும் அதே கதை. எனினும் செவ்வாய்ப் பாட்டுகள் ஞாயிற்றுப் பாட்டைப்போல் மக்கள் நினைவில் வேரூன்றவில்லை. பாட்டின் தரம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் எண்ணவில்லை. ஞாயிறு மாலை என்னும் பொழுதே அந்தப் பாட்டில் பாதியைப் பாடியிருக்கிறது.

கதையின் இடையே ஒலிக்கும் இசை

பாட்டைப் பாராட்டுவோரும் மறந்துவிடும் ஒருவர் கோஷிபெ நொபுயோஷி. கதைகளின் இடையே ஒலிக்கும் துணுக்கிசையை அமைத்தவர் இவரே. 1933-இல் பிறந்து 2014-இல் மறைந்தார். பொம்மைகள் இரவில் எழுந்து ஆடும் குழந்தைப் பாட்டான 'ஓமோச்சா நோ சா-சா-சா' இவர் இசையமைத்தது. 'ஸ்பீடு ரேசர்' என்று உலகறிந்த 1967-ஆம் ஆண்டுத் தொடரின் இசையும் இவருடையதே.

கதைக்குக் கதை புதிதாக இசையமைக்காமல், முன்னரே பதிவு செய்து வைத்த சிறு துண்டுகளிலிருந்து காட்சிக்கு ஏற்றதைத் தெரிந்தெடுத்துப் பொருத்துவது இத்தகைய தொடர்களின் வழக்கம். ஆகவே கட்சுவோ பள்ளியில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை மறைக்கும்போது ஒலிக்கும் குழலிசை, முன்பு எத்தனையோ முறை ஒலித்த அதே குழலிசைதான். நமிஹெய் சினந்தெழும்போதும், வக்காமே முகம் வாடும்போதும், குழந்தை தரா தத்தித் தத்தி ஓடும்போதும், கேட்டுப் பழகிய ஓசையே கேட்கிறது. மரக்குழல் கருவிகளும் மரக்கட்டைத் தட்டிசையுமாக, இருப்பதே தெரியாத மெல்லிய இசை அது.

இதனைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது பிழை. ஒரு வீட்டில் நெடுநாள் வாழ்ந்தவர்க்குக் கதவின் ஓசையைக் கொண்டே வருபவர் யார் என்று தெரியும்; மாடிப்படியின் ஓசையைக் கொண்டே அவர் மனநிலையும் தெரியும். கோஷிபெயின் இசைத் துணுக்குகள் அத்தகைய வீட்டோசைகள். அவை காட்சியை விளக்குவதில்லை. 'இது நீ அறிந்த வீடு, அஞ்சாதே' என்று மட்டும் கூறுகின்றன. திரைப்பட இசை பார்ப்பவரின் கழுத்தைப் பிடித்து அழவும் அஞ்சவும் செய்கின்ற இக்காலத்தில், பார்ப்பவரை விட்டுவைக்கும் இசை ஒன்று உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

இல்லாத ஒப்பாரி

இனி, இவ்விசையின் குறையையும் கூறவேண்டும். அது சிறு குறை அன்று.

1946-இல் மச்சிகோ வரையத் தொடங்கிய சித்திரங்களில் பங்கீட்டு வரிசை உண்டு, கள்ளச்சந்தை உண்டு, போர்முனையிலிருந்தும் இழந்த குடியேற்றங்களிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. பசித்த வயிற்றின் நகைச்சுவை அது. 1969-இல் பாட்டு வந்தபோது நிலைமை வேறு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜப்பானின் தேசிய உற்பத்தி மேற்கு ஜெர்மனியை விஞ்சியது. வீடுதோறும் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் புகுந்த காலம். அவற்றைச் செய்த தோஷிபா நிறுவனமே தொடரின் புரவலராக விளங்கி 2018 மார்ச்சு வரை உடனிருந்தது. பாட்டின் துள்ளல் அந்த வளர்ச்சிக் காலத்தின் துள்ளல். சித்திரத்தில் இருந்த பசி பாட்டில் இல்லை. என்றுமுள்ள குடும்பத்தின் பாட்டு என்று நாம் கேட்பது, உண்மையில் 1969 என்னும் ஓராண்டின் பாட்டு.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இக்குடும்பத்தில் எவரும் மூப்படைவதில்லை, எவரும் இறப்பதில்லை. ஆதலால் இவ்விசையில் ஒப்பாரி இல்லை. ஆனால் குரல் கொடுத்தவர்கள் மனிதர்கள். அவர்கள் மூத்தனர், மறைந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கட்சுவோவாகப் பேசிய தக்காஹாஷி கசுவே 1999-இல் மறைந்தார். தொடக்கம் முதல் தந்தை நமிஹெயாகப் பேசிவந்த நகாய் இச்சிரோ 2014 ஜனவரி 27 அன்று மறைந்தார். அடுத்த மாதமே நமிஹெய் வேறொரு குரலில் பேசினார். மசுவோவாக நாற்பது ஆண்டுகள் பேசிய மசுவோக்கா ஹிரோஷி 2020-இல் மறைந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாகக் குழந்தை தராவின் குரலாக இருந்தவர் 2023-இல் மறைந்தார். ஒவ்வொரு முறையும் அதே பித்தளைக் குழல்கள் துள்ளின. அதே கதிரவன் சிரித்தான்.

இறந்தோரை அடக்கம் செய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதை நான் எளிதாகக் கடந்துபோக இயலவில்லை. அழத் தெரியாத குடும்பம் முழுமையான குடும்பம் ஆகாது. திருப்பாடல்கள் நூலில் புகழ்ச்சியோடு புலம்பலும் அருகருகே நிற்பது தற்செயல் அன்று. இத்தொடரின் இசைச் சேமிப்பில் ஆயிரம் குறும்புகளுக்கு இடம் இருந்தது; ஒரு பிரிவுக்கு இடம் இருக்கவில்லை. மக்கள் இதன்மீது வைத்துள்ள அன்பு பெரிது. அந்த அன்பே இக்குறையை நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் உண்மை.

ஞாயிறு மாலையின் நோவு

வியப்புக்குரிய செய்தி இனிமேல்தான். அழுகையே இல்லாத இந்த இசையைக் கேட்டு மக்கள் மனம் சோர்கின்றனர். 'சசாயே-சான் நோய்' என்றே ஜப்பானியர் அதற்குப் பெயரிட்டுள்ளனர். ஞாயிறு மாலை முடிவுப் பாட்டு ஒலிக்கும்போது, நாளை திங்கள், மீண்டும் அலுவலகம், மீண்டும் பள்ளி என்னும் நினைவு வந்து நெஞ்சை அழுத்துகிறது. பாட்டு களிப்பாக இருக்க இருக்க, கேட்பவர் நெஞ்சு கனக்கிறது.

ஞாயிறு ஜப்பானின் பழைய ஓய்வுநாள் அன்று. 1876-இல் மெய்ஜி அரசின் ஆணைப்படி ஞாயிறு முழுநாளும் சனி அரைநாளும் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை ஆயின. மேலை நாடுகளோடு இணைந்து இயங்குவதற்காக எடுத்துக்கொண்ட நாள் அது. நாள் வந்தது, நாளின் பொருள் உடன் வரவில்லை. அரசு ஊழியர்க்கு இரு நாள் வார விடுமுறை 1992-இல்தான் முழுமையாயிற்று. அரசுப் பள்ளிகளுக்கு 2002-இல். எனவே இப்பாட்டு பிறந்தபோது பெரும்பாலோர்க்கு ஞாயிறு ஒன்றே முழு ஓய்வு. அந்த ஒரே ஓய்வு முடிகிறது என்று அறிவிக்கும் மணியாகப் பாட்டு ஆகிவிட்டது.

குறை பாட்டிலா, வாரத்திலா என்று நாம் கேட்கவேண்டும். உழைப்பதற்காகவே ஓய்வு என்று வைத்துக்கொண்டால், ஓய்வின் ஒவ்வொரு நாழிகையிலும் திங்களின் நிழல் விழும். 1998-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'ஆண்டவரின் நாள்' பற்றி எழுதிய மடலில், ஞாயிறு வெறும் வார இறுதியாகக் கரைந்துவிடக்கூடாது என்று கவலை தெரிவித்தார். நம் மரபில் ஞாயிறு வாரத்தின் இறுதி அன்று. வாரத்தின் முதல் நாள். ஜப்பானிய மொழியிலும், தமிழைப் போலவே, அந்நாளுக்குக் கதிரவனின் பெயர்தான். கதிரவனின் நாள் இருட்டின் முன்னறிவிப்பாக எப்படி ஆயிற்று?

இந்தக் கேள்வியோடு முடிவுப் பாட்டைத் திரும்பக் கேட்டால் ஒன்று புலப்படும். அது மலைநடைப் பாட்டு என்று மேலே கண்டோம். மாலையில் ஒலிக்கும் இப்பாட்டில் அந்தி இல்லை, விளக்கேற்றல் இல்லை, உறக்கம் இல்லை. வானம் வெளுத்த பொழுதில் கூடிக் கிளம்புவோரின் களிப்புத்தான் இருக்கிறது. ஹயாஷியும் சுட்சுமியும் வழியனுப்பும் பாட்டு ஒன்றைச் செய்து, அதை நாளின் இறுதியில் வைத்தனர். பாட்டு ஞாயிறு மாலையைப் புறப்பாடு என்று பாடுகிறது; கேட்போர் அதை முடிவு என்று கேட்கின்றனர். அவர்களது சோர்வு பாட்டின் பிழை அன்று. தம் வாரம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் தம்மையறியாமல் கூறும் உண்மை அது.

தனித்திருப்போரின் காதுகள்

மற்றொரு கேள்வியும் எஞ்சுகிறது. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜப்பானிய இல்லங்களுள் ஏறத்தாழ 38 விழுக்காடு ஒருவர் மட்டும் வாழும் இல்லங்கள். எழுவர் ஒரு வீட்டிற்குள் முண்டியடித்து நுழையும் பாட்டை, ஒற்றை அறையில் ஒருவர் தனியே அமர்ந்து கேட்கிறார். அவருக்கு இப்பாட்டு பொய்யா? ஏளனமா?

எளிதாக விடை கூறல் ஆகாது. பாடலின் பொருளைவிடப் பாடலின் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று தூய அகுஸ்தினார் தம் அறிக்கையின் பத்தாம் நூலில் அஞ்சினார். அவ்வச்சம் இங்கும் பொருந்தும். இல்லாத குடும்பத்தின் இனிமையில் மூழ்கி, இருக்கும் அண்டை வீட்டாரை மறந்துவிட்டால் இசை நமக்குக் கேடே. ஆயினும் 2020-இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கொள்ளைநோயால் குரல்பதிவு நின்றது. மே 17 முதல் சில வாரங்கள் பழைய கதைகளே மறுஒளிபரப்பாயின. 1975-க்குப் பிறகு இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. யாரும் யார் வீட்டிற்கும் போகக்கூடாத அந்த ஞாயிறுகளிலும் 6.30 மணிக்குப் பாட்டு தவறவில்லை. பல்லாயிரம் தனி அறைகளில் ஒரே நொடியில் ஒரே பாட்டு ஒலிப்பது ஒருவகைக் கூட்டம்தான். அது குடும்பத்திற்கு ஈடாகாது; ஆனால் குடும்பம் என்ற ஒன்று உண்டு என்பதை மறக்கவிடாது.

ஆகவே என் முடிவு இது. இவ்விசை குறையுள்ளது. பசியையும் சாவையும் அது பாடவில்லை. அதை முழு வாழ்வின் இசை என்று கொள்வோர் ஏமாறுவர். ஆனால் அது பாட எடுத்துக்கொண்ட ஒன்றை, பிழை செய்தவரைக் குத்தாமல் சிரிக்கும் வீட்டின் சிரிப்பை, தூய்மையாகப் பாடியது. கேட்போர் மனநிலைக்கேற்ப வளையாமல் பாடியது. இத்தனை ஆண்டுகளாக அதைக் கேட்டுச் சோர்ந்தவர்கள் பாட்டை மாற்றுமாறு கேட்கவில்லை என்பதும் கருதத்தக்கது. மாறவேண்டியது திங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.